கை கழுவத் தண்ணீர்

கோவிட் காலத்தில் நான் நர்சிங் மாணவி. வார்டு பயிற்சி நடக்குமா நடக்காதா என்று இழுத்தடித்து, ஒருவழியாக எலும்பு முறிவு வார்டில் எங்களை விட்டார்கள். நோயாளிகளைப் பார்க்க வீட்டார் யாரும் வரக்கூடாது. எங்கு திரும்பினாலும் கையில் தேய்க்கும் கிருமிநாசினி, அந்த ஹேண்ட் ரப் வாடை.

என் பொறுப்பில் ஓர் அங்கிள். லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தார். சாப்பாடு வந்ததும் அவர் கையில் ஹேண்ட் ரப் தேய்த்துவிட்டு ஸ்பூனை நீட்டுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொள்வேன். மனுஷர் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போனார்.

ஒரு நாள் காலை எங்கள் பயிற்சி ஆசிரியை வந்தார். "இன்னிக்கு லஞ்ச்சும் சாப்பிடலைன்னா டியூப்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ தமிழ்ல பேசிப் பாரு லா."

மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். அதைப் போடும்போது ஒரு பாட்டி பட்ட பாட்டை முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன்.

மதியம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டேன். "அங்கிள், மூக்குல குழாய் விடப் போறாங்க. வீட்ல எப்படித்தான் சாப்பிடுவீங்க?"

"கையாலதான். வேற எப்படி? ஸ்பூன்ல ஊட்ட நான் என்ன பச்சப்புள்ளையா?"

"அப்போ கையாலயே சாப்பிடுங்களேன்!"

கையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "இந்த மருந்து நாத்தத்தோட சோத்தப் பெசையவா?"

"தண்ணி கேட்டிருக்கலாமே?"

"சாப்பிட்டப்புறமும் கழுவணும்ல. எச்சக்கைய உங்க முன்னால எப்படிம்மா நீட்டுறது? வீட்ல என் மக தண்ணி ஊத்துவா. அவளத்தான் உள்ள விட மாட்டேங்கிறீங்களே."

அட கடவுளே! ஜக்கில் வெந்நீரும், கழுவும் தண்ணீரைப் பிடிக்க ஒரு பேசினும் எடுத்துக்கொண்டு ஓடினேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். சோற்றையும் மீன்குழம்பையும் பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு கையை நீட்டாமல் தயங்கினார். "அட, நீட்டுங்க அங்கிள்" என்று அதட்டினேன். சிரித்துக்கொண்டே நீட்டினார்.

தட்டைப் பார்த்த ஆசிரியை, குழாய் வேண்டாம் என்று சொல்ல உடனே டாக்டரைக் கூப்பிடப் போனார்.

நோயாளி சாப்பிடவில்லை என்றால், பசியில்லையா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், நர்சிங் படிக்கும் தங்கைகளே. வீட்டில் எப்படிச் சாப்பிடுவார் என்றும் கேளுங்கள். அங்கிள் கூச்சத்தை விட்டு அன்று வாய் திறந்தாரே, அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். இல்லையென்றால், ஒரு ஜக் தண்ணீர் கொடுக்க வேண்டிய மனிதருக்கு நாங்கள் குழாய் போட்டிருப்போம்.