சாலோமி சொல்லாத ஆமென்

எங்கள் சபையில் சாலோமியின் ஆமென் பேர்போனது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில் இருக்கிற சின்னக் கோவில் எங்களுடையது. உபதேசியார் ஜெபத்தை முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல்தான் முதலில் எழும்பும். "ஏட்டி, பைய சொல்லு. ஆத்துக்கு அக்கரையில மாடு மிரளுது" என்று கேலி பண்ணுவோம். "கர்த்தர்ட்ட நான் ஏன் முணுமுணுக்கணும்?" என்பாள்.

அவளைச் சிலர் இன்றைக்கும் ஜெபத்தைக் கெடுத்தவள் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

புருஷன் இறந்தபின் அவளுக்கு மிஞ்சியது கடைமடையில் ஒரு துண்டு வயல். டெல்லி தர்பார் முடிந்து வந்த தை மாதம் அது. மழை பொய்த்துவிட்டது. கால்வாயில் ஓடின கொஞ்சத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சினோம். அவள் முறையில் தண்ணீர் வரவில்லை. மேலே சபை மூப்பர் எலியேசர், பனந்துண்டும் களிமண்ணும் போட்டு மடையை அடைத்து, தம் வாழைத் தோட்டத்துக்குத் திருப்பியிருந்தார். நெல் பால் பிடிக்கிற சமயம். போய்க் கேட்டாள். "ஏளா, மழைக்கு ஜெபம் பண்ணு" என்று அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழைக்காக விசேஷ ஜெபம். நடத்தியவர் அதே எலியேசர்! முழங்காலில் நின்று, கண்ணீர் வழிய, "வானத்தின் மதகுகளைத் திறவும் ஆண்டவரே, ஏழைகளின் பயிரைப் பாரும்" என்று உருகினார். மடையை அடைத்த கையைத்தான் வானத்துக்கு நேரே ஏந்தினார். எல்லோரும் ஆமென் என்றோம். சாலோமியின் குரல் இல்லை.

உபதேசியார் கிருபைராஜ் திரும்பிப் பார்த்தார். "சாலோமி, உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. என் பயிரைக் காயப்போட்டவரு ஜெபத்துக்கு அதை நான் எப்படிச் சொல்ல?" எழுந்து நின்று மூப்பரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, கர்த்தரை மதகைத் திறக்கச் சொல்லுதீங்க. நீங்க அடைச்ச மடை அங்கன கிடக்கு. அதைத் திறந்துட்டு வாங்க. பெறவு ஊரே அதிர ஆமென் சொல்லுதேன்."

"கோவிலுக்குள்ள மடைப் பேச்சா! ஏட்டி, வெளியே போ!" என்று சீறினார் மூப்பர்.

போனாள். அடுத்தவனுக்குச் செய்த அநியாயத்தைச் சரிபண்ணிவிட்டு என் சந்நிதிக்கு வா என்பதல்லவா ஆண்டவர் கட்டளை? மூப்பரை அனுப்பவேண்டிய இடத்தில் விதவையை அனுப்பினார்கள். கோவிலில் அப்பமும் ரசமும் பகிர்கிற இராப்போஜனத்துக்கும் அவளை விலக்கிவைத்தார்கள். யார் ஜெபத்தைக் கெடுத்தது?

அடுத்த ஞாயிறும் எலியேசரே ஜெபித்தார். முடித்தபோது பெண்கள் பக்கம் ஒரு வாயும் திறக்கவில்லை. என் பக்கத்தில் இன்பமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் பக்கம் இருமல்தான் கேட்டது. அவரே தனியாக ஆமென் சொல்லி எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் மடை திறந்திருந்தது. அதற்குள் பாதிப் பயிர் பதராகிவிட்டது. அதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சாலோமி கணுக்கால் தண்ணீரில் நின்று, ஜெபம் ஏதும் இல்லாமலே, அடிவயிற்றிலிருந்து ஒரு ஆமென் போட்டாள். வாழைத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.