நட்ட முடியும் நேர்ந்த மொட்டையும்

முப்பது வயதுக்குள் என் தம்பியின் உச்சி மைதானமாகிவிட்டது. அப்பா வழிச் சொத்து. அம்மாவுக்கோ ஐம்பது தாண்டியும் இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். அதில் பாதிகூட எனக்கு வரவில்லை என்பதில் இன்றும் எனக்கு எரிச்சல் உண்டு. பெண் வீட்டார் அவன் தலையைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்று போவார்கள். அதோடு சரி.

பம்பாயில் வேலை பார்த்தவன், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கேயே முடி நடும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, துணித் தொப்பியோடு பாளையங்கோட்டை வீட்டில் வந்து இறங்கினான். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாத சங்கதி. பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் நட்டிருந்தார்கள்.

தொப்பியைக் கழற்றியதும் அம்மா அழுதுவிட்டாள். நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கியிருந்தது. உச்சி முழுக்கக் கேழ்வரகைத் தூவியதுபோல் ரத்தப் பொருக்கு. சொறியக் கூடாது, குனியக் கூடாது, வெயில் படக் கூடாது, படுக்கும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அம்மா அத்தனையையும் பிடித்துக்கொண்டாள். தலையணைகளை அடுக்கி அவனைச் சாய்த்து வைத்தாள். சலூனில் தண்ணீர் அடிக்கிற பாட்டில் ஒன்று வாங்கி, ஆறிய உப்புத் தண்ணீரைப் பூப்போல அடித்துவிட்டாள். அரிப்பில் அவன் கை தானாக மேலே போகும். அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"ஏலே, தலையில கை வைக்காதல!"

பொருக்கு உதிர்ந்தது. சில வாரங்களில் நட்ட முடியும் உதிர ஆரம்பித்தது. அப்படித்தான் உதிரும், பிறகு வேரிலிருந்து முளைக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தலையணையில் கிடக்கும் முடியைப் பார்க்கிறவனுக்கு டாக்டர் பேச்சா ஞாபகம் வரும்? அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"நாத்து நட்டாலும் முதல்ல வாடத்தாம்ல செய்யும். பொறவுதான் பச்ச புடிக்கும்" என்றேன். என் மேல் எரிந்து விழுந்தான்.

அம்மா கண்ணை மூடித் திருச்செந்தூரை நினைத்துக் கும்பிட்டாள். "முருகா, எம்புள்ளைக்கு முடி முளச்சிட்டுன்னா, உன் சந்நிதியில அவனுக்கு மொட்ட போடுதேன்."

"யம்மா, உனக்கென்ன கிறுக்கா? முளச்சதச் செரைக்கதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று தம்பி கத்தினான்.

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கும் மொட்டை, பரீட்சைக்கும் மொட்டை; பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சாமிக்கு நேர்ந்ததை அவளால் திரும்பப் பெற முடியாது. அவனாலோ கொடுக்க முடியாது.

முடி முளைத்தது. அடுத்த வருஷம் லீவில் வந்தபோது வகிடு எடுக்கிற அளவுக்கு இருந்தது. சட்டைப்பையில் எந்நேரமும் சீப்பு. பஸ்ஸில் காற்று அடித்தால் ஒரு தடவை, இறங்கினால் ஒரு தடவை. பெண் பார்க்கவும் பேசி வைத்திருந்தோம். அதற்கு முன்னால் கோயிலுக்குப் போயாக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். "உன் தலைய யாரும் தொட மாட்டாவ, வா" என்று அவனையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

திருச்செந்தூரில் மொட்டை போடும் இடத்துக்கு வந்ததும் கொண்டையை அவிழ்த்துவிட்டு அவளே உட்கார்ந்தாள். தம்பி பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தான்.

"யம்மா, எந்திரி. நானே குடுக்கேன்."

"நேர்ந்தது நான். பெத்தவ குடுத்தா முருகன் வேண்டாம்னு சொல்ல மாட்டான். நீ அங்கன நில்லு."

கூந்தல் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. எனக்கு எரிச்சலூட்டிய அதே கூந்தல்தான். தேம்பித் தேம்பி அழுதேன்.

குளித்து வந்தவளை உட்கார வைத்து, தம்பி அவள் தலையில் சந்தனம் பூசினான். அவள் கை தானாக மேலே போனது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"யம்மா, தலையில கை வைக்காத. பைய காயட்டும்."

வெயில் படாமல் அவள் தலைக்கு மேல் துண்டை விரித்துப் பிடித்தபடியே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தான். கடற்காற்று அவன் முடியை முழுக்கக் கலைத்துப் போட்டது. சீப்பை அவன் எடுக்கவே இல்லை.