வீட்டிலிருந்து வேலை, கடலுக்கு இந்தப் பக்கம்

புயல் எண்டு குறிகட்டுவான் துறைக்குப் போற படகை நிப்பாட்டிப்போட்டினம். எனக்குக் கந்தோர் நெடுந்தீவில, வீடு வேலணையில. காலமை கந்தோர் வட்ஸ்அப்பில அறிவித்தல் வந்தது: 'காலநிலை சீராகும்வரை உத்தியோகத்தர்கள் அனைவரும் வீட்டிலிருந்தே பணியாற்றவும். அழைத்தால் உடன் பதிலளிக்கவும்.' எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் விசர். நான் நெடுந்தீவு விடுதியில அடைபட்டுக் கிடக்கிறன், எந்த வீட்டிலயிருந்து வேலை செய்யிறது? எல்லாரும் 'ஓம் சேர்' எண்டு போட்டினம். நானும் போட்டன்.

மத்தியானம் போல என்ர மனுசன் வீட்டிலயிருந்து போன் எடுத்தார். "இஞ்சேரும், பதறாதையும். பிள்ளை பெரியபிள்ளையாகிட்டாள்."

இருந்த கதிரையிலேயே அழுதுபோட்டன். ஒரேயொரு பொம்பிளைப்பிள்ளை. பக்கத்தில நிண்டு தலையைத் தடவி, "ஒண்டுமில்லையடா, பயப்பிடாதை" எண்டு சொல்லத் தாய் இல்லை. கடல் தரையாயிருந்தால் நடந்தே போயிருப்பன்.

"அம்மா வந்தாப் பிறகுதான் எனக்குத் தண்ணி வார்க்கவேணும்" எண்டு அவள் போனில விக்கி விக்கி அழுதாள். தண்ணி வார்க்கவேண்டிய மாமி, என்ர தமையன்ர மனுசி, பாலும் அறுகும் எடுத்துவைச்சுக்கொண்டு நிக்கிறா. "கடல் எப்ப அடங்குமெண்டு ஆருக்குத் தெரியும்? அதுவரைக்கும் பிள்ளையை மூலைக்குள்ள இருத்திவைக்க ஏலாது" எண்டா. நியாயம்தான். நான் வீடியோவில பாக்கிறதெண்டு முடிவாச்சுது.

விடுதிக்குள்ள சிக்னல் இல்லை. கேற்றடி மதிலோட ஒட்டிக்கொண்டு நிண்டன். காத்து ஆளைத் தூக்குது. பிள்ளை பாவாடை சட்டையோட பலகையில குனிஞ்சிருக்கிறாள். அறுகைப் பாலில தோய்ச்சுத் தலையில வைக்க மாமி கையைத் தூக்கினா. அந்த நேரம் பார்த்துச் சேரின்ர அழைப்பு! எடுக்காமல் விட்டால் பிறகு விளக்கம் எழுதவேணும். எடுத்தன். படம் அப்பிடியே நிண்டுபோச்சு.

"நீர் வீட்டிலதானே? வெள்ளம் ஏறின குடும்பங்களின்ர விவரம் எடுத்திட்டீரோ?"

"ஓம் சேர், அனுப்பிறன் சேர்."

வெள்ளத்துக்குள்ள நிக்கிற சனத்துக்காகக் கேக்கிற மனுசனை ஏச எனக்கு வாய் வரேல்லை. நாசமாப்போற வேலை எண்டு வேலையைத்தான் ஏசினன்.

திரும்ப வீட்டுக்கு எடுத்தால், எல்லாம் முடிஞ்சுது. தலையில துவாயைச் சுத்திக்கொண்டு, என்ர பிள்ளை புதுசா ஒரு வெக்கத்தோட சிரிச்சாள்.

"பாத்தனீங்கள்தானே, அம்மா? நீங்கள் பாக்கிறீங்கள் எண்டுதான் நான் அழேல்லை."

"ஓம் செல்லம், பாத்தனான்" எண்டன்.