இண்டர்வியூவுக்கு ஓர் ஊர்

எங்கள் தோட்டத்திலிருந்து இண்டர்வியூவுக்கு அழைக்கப்பட்ட முதல் ஆள் என் அத்தை, அப்பாவின் தங்கை. மாத்தளையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அதற்கு முன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேள்விக்குப் பதில் சொல்லி வேலைக்குச் சேர்ந்ததில்லை. பெயர் பதிவார்கள், மறுநாள் கொக்கோக் காய் பறிக்கவோ றப்பர் பால் வெட்டவோ போவார்கள். இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

தோட்டம் பலாபத்வலைக்கு மேலே இருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. தோட்டத்து மக்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்த சமயம். எங்கள் லயத்தில் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அதனால்தான் அத்தையால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் அவரும் பெயர் பதிந்து பால் வாளி தூக்க வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். படித்தது போதும் என்பது அதன் பொருள்.

பயிற்சி கொடுக்க வந்தவர் அம்மாவின் தம்பி. மாத்தளையில் ஓர் இரும்புக்கடையில் வேலை. கடைக்கு ஆணியும் பூட்டும் வாங்க வரும் கிளார்க்குமார்களிடம் விசாரித்து, இண்டர்வியூவில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "எங்க போனாலும் இதே கேள்விங்கதான் புள்ள. முகத்தை மட்டும் மாத்தி மாத்திக் கேப்பாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாங்கள் வசித்த காம்பரா இண்டர்வியூ அறையாக மாறியது. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் மாமா உட்கார்ந்தார். அத்தை வெளியே போய்க் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு உள்ளே வந்து, அம்மிப் பக்கத்தில் சப்பணம் போட்டு அமர்ந்தார்.

"உக்காருன்னு நான் சொன்னேனா?" என்றார் மாமா.

"சொல்லாம எப்படி மச்சான்? நாற்காலி ஒண்ணு. அதுல நீங்க. சொன்னாலும் எங்க உக்கார்றது, உங்க மடியிலயா?"

வாசலில் நின்ற லயத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மாமாவுக்கு அடுத்த கேள்வி மறந்துபோனது. முறை மாப்பிள்ளை என்பதால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டது.

உன்னைப் பற்றிச் சொல், உனக்குக் கோபம் வருமா, எதற்காக இந்த வேலை என்று மாமா அடுக்கினார். சிங்களத்திலும் தமிழிலும் அத்தை தடங்கலில்லாமல் பதில் சொன்னார். இங்கிலீஷில் மட்டும் கொஞ்சம் மெதுவாக. மாமா திருப்தியோடு எழுந்து சட்டையை உதறியபடியே, "ஆமா, ஊர் எது?" என்றார்.

"துறையூருங்க" என்றார் அத்தை.

மாமா மறுபடி உட்கார்ந்துவிட்டார். "போச்சு. வேலையும் போச்சு, நீயும் போன. இந்தியாவுக்குக் கப்பல் டிக்கெட்டை அவங்களே எடுத்துக் குடுப்பாங்க."

அத்தை மீது குற்றமில்லை. தோட்டத்தில் இரண்டு பேர் முதன்முறை சந்தித்தால் முதல் கேள்வி அதுதான். பதில், கப்பலேறுமுன் தாத்தா இருந்த இந்திய ஊர். அப்பா துறையூரைப் பார்த்ததில்லை, அத்தையும் பார்த்ததில்லை. ஆனால் கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ யாராவது துறையூர் என்று சொல்லிவிட்டால் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொள்வார். ஐந்து நிமிடத்தில் அவர் எங்களுக்குப் பங்காளியாகவோ மச்சானாகவோ ஆகியிருப்பார். எனக்குப் பேச்சு வந்ததும் அப்பா சொல்லிக்கொடுத்தது என் பெயரையும் அந்த ஊரையும்தான்.

"பொறந்தது மாத்தளை. ஊரும் மாத்தளை. வேற ஊரே கெடையாது" என்றார் மாமா. அப்பா அடுப்புப் பக்கம் திரும்பிக் கொள்ளிக்கட்டையைச் சரிசெய்தார்.

வாயிலேயே ஊறிப்போன பதிலை மாற்றும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. "மருமகளே, நேரம் காலம் பாக்காத. திடீர்னு கேளு" என்றார் மாமா. கேட்டேன். தண்ணீர்ப் பீலியில் அத்தை முகத்துக்குச் சோப்புப் போட்டிருக்கும்போது கேட்டேன். மிளகாய் அரைக்கும்போது, தலை வாரும்போது, தும்மல் வரும் நேரத்தில்கூடக் கேட்டேன். முதலில் "துறை" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு சற்று யோசித்து மாத்தளை என்றார். கடைசியில், நான் வாயைத் திறக்கும்போதே, "மாத்தளைடி என் சண்டாளி, முதுகைத் தேய்ச்சு விடு" என்றார். ஒரு முறைகூட என்மீது எரிந்து விழவில்லை. இன்று வரை, எதையும் அவ்வளவு சிரத்தையாகவும் அவ்வளவு சிரித்துக்கொண்டும் கற்ற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இண்டர்வியூ நாளில் அப்பா என்னையும் அழைத்துப் போனார். அரசாங்கக் கந்தோர் வராந்தாவில் உட்கார ஒரு நீண்ட வாங்கு. அறைக்கு இடுப்பளவு ஆடும் கதவு. அத்தை உள்ளே போன பின், பேசுவது வெளியே நன்றாகக் கேட்டது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கேட்டு முடித்த பின், யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒருவர், "ஆக்கள் டெலிபோனிலை கோவமாப் பேசினால் என்ன செய்வீர், பிள்ளை?" என்றார். மாமாவின் பட்டியலில் இல்லாத கேள்வி.

"சேர், எங்க லயத்துக்கு ஒரே பீலி. காலையில எல்லாப் பொம்பளைங்களும் ஒண்ணா குடத்தோட வருவாங்க. யாரு சத்தம் போட்டாலும் வரிசைப்படிதான் தண்ணி. பதிலுக்குச் சத்தம் போட்டா நம்ம குடம்தான் காலியா இருக்கும்."

உள்ளே சிரிப்புக் கேட்டது. நான் பெருமையோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாங்கின் மறு முனையில் ஒரு முதியவர் வந்து உட்கார்ந்தார். தலைப்பாகை, பழைய கோட்டு, மடியில் காகிதக் கட்டு. வேறு தோட்டத்து ஆள். வேறு அலுவலாக வந்தவர். அப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் துறையூர்ப் பக்கமுங்க" என்றார். "நமக்கு எந்த ஊருங்க?"

உள்ளே அதே யாழ்ப்பாணக் குரல், "உங்கட ஊர் எது பிள்ளை?" என்று கேட்டது.

"மாத்தளை, சேர்" என்றார் அத்தை, நிதானமாக.

கதவருகே பியூன் நின்றிருந்தார். அப்பா அவரை ஒரு தரம் பார்த்தார்.

"மாத்தளைங்க" என்றார்.

"அது இருக்கட்டுங்க. சொந்த ஊரு?"

"மாத்தளைதாங்க."

முதியவர் கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு காகிதக் கட்டை இழுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டு, வாங்கில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

எனக்கு ஒரே குதூகலம். பயிற்சியே இல்லாமல் அப்பாவும் பாஸாகிவிட்டார்.

அத்தைக்கு அந்த வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை மூன்று மொழிகளிலும் மாத்தளையின் கோபங்களை வரிசைப்படி இணைத்துக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று திரும்பும் பஸ்ஸில், அத்தை ஜன்னலோரம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் அப்பாவிடம் திடீரென்று கேட்டேன்:

"ஊர் எது?"

அப்பா வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

அவருக்கு இன்னும் பயிற்சி போதாது என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து தினமும் கேட்பது என்று முடிவு செய்தேன்.