கொசுறுக்கு விலை போட்ட தராசு

பால்கோவா வாங்கும்போது உங்களுக்குக் கொசுறு கிடைத்திருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் போனது தப்பான கடை.

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பால்கோவா கடையின் பில்லிங்கை மாற்றுவது. தராசையும் கம்ப்யூட்டரையும் இணைத்துவிட்டேன். தட்டில் வைத்தால் போதும், எடை, விலை, பில் எல்லாம் தானாக வரும். செம கெத்து. முதல் கஸ்டமர் வரும்வரைக்கும்தான்.

கவுன்டரில் நிற்கும் அக்கா அரைக்கிலோ நிறுத்தார். நிறுத்த கையோடு, வழக்கம்போல, கரண்டி நுனியில் இன்னும் கொஞ்சம் எடுத்து மேலே வைத்தார். அதுதான் கொசுறு. மெஷினுக்கு என்ன தெரியும்? அதற்கும் சேர்த்து விலை போட்டது.

"என்னம்மா, கொசுறுக்குமா காசு?" என்றார் வாங்க வந்த ஜவுளிக்கடை பாய்.

"நான் போடல பாய். இந்தத் தம்பி கொண்டாந்த பெட்டி போட்டுருச்சு."

அன்று முழுக்க இதே சண்டை. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏலே, சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். பொறவும் சண்டைன்னா, பெட்டியும் நீயும் ஒரே பஸ்ல ஊருக்குப் போயிருங்க."

முதல் வேலை, முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. அக்காவிடம் ஓடினேன். "கொசுற நிறுத்துங்கக்கா."

"நானா வைக்கேன்? கைல்லா வைக்குது!"

பக்கத்திலேயே நின்று, "அக்கா, கை! கை!" என்று கத்திப் பார்த்தேன். அக்கா சிரித்தார், கை அதுபாட்டுக்கு வைத்தது.

சனிக்கிழமை பாய் மறுபடி வந்தார். எடை காட்டியதும் அக்காவின் கரண்டி தட்டுக்கு மேலே போனது. பாய் சட்டென்று உள்ளங்கையை நடுவில் நீட்டினார்.

"எம்மா, அதுல வைக்காத. இதுல வை!"

கொசுறு அவர் கையில் விழுந்தது, அப்படியே வாய்க்குள் போனது. பில்லில் சரியாக அரைக்கிலோ. பின்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? வரிசை முழுக்கக் கை நீண்டது. சாயங்காலத்துக்குள் அக்காவின் கரண்டி தட்டை மறந்துவிட்டது.

"ஆனா பில்லுல வராத கொசுறு ஸ்டாக் கணக்குல இடிக்குமே?" என்று முதலாளியிடம் இழுத்தேன்.

"கொசுறு குடுக்காம இந்த ஊர்ல எவன்லே கட நடத்துனான்? பெட்டி இருக்கட்டும். நீயும் இரு."

இதை ஒரு கையால்தான் டைப் அடிக்கிறேன். இன்னொரு கையில் கொசுறு.