இடது பக்கத்து மரம்

நாற்பத்தாறு வருஷம் பம்பாயில் டாக்சி ஓட்டின மனுஷன் ஒரு மரத்தில் போய் முட்டிக்கொண்டதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது நிஜ மரம் இல்லை. டி.வி.க்குள் இருந்த மரம். முட்டினவர் என் வீட்டுக்காரர். ஆட்கள் முன்னால் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் பயமில்லை, தாராவி முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போயிருக்கிறேன். என் மகனுக்குத் தமிழ் படிக்க வராது, சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனால் வீட்டு விஷயத்தைத் தைரியமாக எழுதலாம்.

டாக்சிக்கு வயசாகி அதைக் கொடுத்த பிறகு என் வீட்டுக்காரர் சும்மா இருப்பார் என்று நினைத்தோம். அவர் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் காலையில் மாட்டுங்காவில் பள்ளிக்கூடத்தில் விடுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பின்னால் நாலு பிள்ளைகள் இருப்பார்கள், முன் சீட்டில் அவர்கள் பைகள் இருக்கும். ரெண்டு வருஷம் ஓடியது. அந்த ரெண்டு வருஷத்தில் ஒரு காய்கறி வண்டி, ஒரு ரிக்‌ஷா, எங்கள் கட்டிடத்துச் சொசைட்டி கேட்டின் தூண் எல்லாம் தாங்களாகவே வந்து அவர் காரில் இடித்தன. தூண் எப்படி வந்து இடிக்கும் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கடைசியில் சயான் பக்கம் ஒரு சைக்கிள்காரர் வந்து இடித்துக்கொண்டார். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. சான்பாடாவில் இருக்கிற மகனுக்கு விஷயம் தெரிந்து ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டான்.

“எப்பா, போதும்ப்பா. சாவியக் குடுங்க. பின்னால நாலு பிள்ளைங்க உக்காந்திருக்கு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“நான் ஓட்டுன தூரத்துக்கு நிலாவுக்குப் போய்ட்டு வந்திருக்கலாம்ல. நீ எனக்கு ரோடு சொல்லித் தாரியோ?”

“லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?”

“எல்லாம் எடுத்தாச்சி. முதல்ல உன் தொப்பைக்கு ஒரு டெஸ்ட் எடு.”

மகன் படித்தவன் இல்லையா, அடுத்த வாரமே ஒரு திட்டத்தோடு வந்தான். டி.வி.யில் மாட்டுகிற கேம் பெட்டி ஒன்று, ஒரு ஸ்டியரிங், காலில் மிதிக்க மூன்று பெடல். “வீட்டுலயே ஓட்டட்டும்மா, ஆசை அடங்கிரும்” என்றான். பசியாயிருக்கிற ஆளுக்குச் சமையல் புத்தகம் வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. நான் என்றைக்கு வாய் திறந்தேன், அன்றைக்குத் திறக்க.

ஸ்டியரிங்கை மாட்ட மேஜை வேண்டும். எங்கள் வீட்டில் மேஜை என்று ஒன்றுதான் உண்டு, அது என் தையல் மெஷின். மெஷின் தலையை உள்ளே மடக்கிவிட்டு, பலகையில் ஸ்டியரிங்கை முடுக்கினான். பெடல்களை என் மெஷினின் மிதிபலகைக்குப் பக்கத்தில் வைத்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ரவிக்கை ஒன்று பாதியில் நின்றது.

கேம் என்றால் பொம்மைக் கார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளிநாட்டுக் காட்டு ரோடு. மண்ணும் ஜல்லியும் சேறும், இரண்டு பக்கமும் வானம் முட்ட மரம். ஒரு காருக்குப் பின் ஒரு காராக விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறார்களோ அவருக்கு ஜெயம். கார் வழுக்கினால் ஸ்டியரிங் கையிலேயே உதறும். எங்கேயாவது இடித்தால் விளக்கு உடையும், டயர் கிழியும், இன்ஜின் புகையும். கடைசியில் காரின் படத்தைப் போட்டு, அடிபட்ட இடத்தைச் சிவப்பாகக் காட்டிவிடும். எங்கள் சொசைட்டி செக்ரட்டரி கூட இவ்வளவு நேர்மையாக எதையும் காட்டினதில்லை.

இந்தக் காட்டில் என் வீட்டுக்காரர் ஓட்டின அழகை நான் சொல்ல வேண்டும். முதலில் ஹாரனைத் தேடினார். ஹாரன் இல்லை என்றதும், “ஹாரன் இல்லாம என்ன வண்டி இது?” என்று அங்கேயே பாதி மரியாதை போய்விட்டது. எதிரில் ஈ காக்கை வராத ரோட்டில் இடது ஓரமாக ஒதுங்கியே போனார். இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு உருட்டினார், டாக்சிக்கு அடிக்கிற கேஸ் மிச்சமாம். பிரேக் என்று நினைத்து என் தையல் மெஷினை மிதித்தார், உள்ளே மடங்கிக் கிடந்த மெஷின் கடகடவென்று ஓடிற்று. ரோட்டோரம் வேடிக்கை பார்க்கிறவன் ஒருத்தன் கையைத் தூக்கினான், இவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

“எப்பா, ஏன் நிப்பாட்டுனீங்க?”

“கையக் காட்டுதாம்லா.”

“அவன் கை தட்டுதான்ப்பா! சவாரி இல்ல!”

பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து வழி சொல்லுவான் இந்த விளையாட்டில். உருவம் தெரியாது, குரல் மட்டும். இடது எவ்வளவு திரும்பணும், வலது எவ்வளவு திரும்பணும் என்று இங்கிலீஷில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வருவான். முதல் வளைவுக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. “யார்ல இவன்? வாய மூடச் சொல்லு. வண்டி ஓட்டயில எவனும் எங்கிட்டப் பேசக்கூடாது.” மகன் எங்கேயோ அமுக்கி அந்தக் குரலை நிறுத்தினான். வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது என்ற சட்டத்தை நான் கல்யாணம் ஆன வாரத்திலேயே கேட்டுவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சட்டத்துக்குள் இன்னொரு சட்டமும் உண்டு. டாக்சியில் குடும்பத்தோடு போனாலும் நான் பின் சீட்டில்தான். முன் சீட்டில் பத்துக் கிலோ அரிசி உட்காரும், கேஸ் சிலிண்டர் உட்காரும், மாஹிமிலிருந்து ஏறின அவர் சிநேகிதர் உட்காருவார். வீட்டுப் பொம்பளை முன்னால் உட்கார்ந்தால் ஸ்டாண்டில் கேலி பண்ணுவார்களாம். அதனால் இந்த ஊரையே நான் அவர் பின்மண்டைக்கு இரண்டு பக்கமும் தெரிந்த அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது முன்னால் உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

ஆசை அடங்கும் என்று மகன் சொன்னதும் நடக்கவில்லை. காலையில் நிஜக் காரில் நாலு பிள்ளைகள், சாயங்காலம் டி.வி.யில் காடு என்று ரெண்டு டியூட்டி ஆகிவிட்டது. காட்டில் ஒரு மரப்பாலம் வரும். அதைத் தாண்டினதும் ரோட்டை ஒட்டி ஒரு மரம். தினமும் அதில்தான் முட்டுவார். “ரோடு சரியில்ல” என்பார், “டயரு மொட்டை” என்பார், “கம்பெனிக்காரன் மரத்த ரோட்டுல வச்சிருக்கான்” என்பார்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அந்த ரவிக்கையை முடிக்க ஸ்டியரிங்கைக் கழற்றலாமென்று மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கால் எதையோ மிதித்தது, கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. ரோட்டோரத்தில் அத்தனை பேர் நின்று பார்த்ததும் வெட்கமாகிப் போய், சேலையைச் சரி பண்ணிக்கொண்டேன். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று கண்டதும் மெதுவாக ஓட்டினேன். கஷ்டமாக இல்லை. காலில் எவ்வளவு அழுத்தம் கொடுப்பது, வளைவு வந்தால் எங்கே காலைத் தளர்த்துவது என்று கழுத்துப்பட்டி தைக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாலம் வந்தது, மரம் வந்தது, ஒதுங்கிப் போனேன். கடைசி வரை போய்ச் சேர்ந்தேன். காரில் ஒரு கீறல் இல்லை. எல்லோருக்கும் கடைசியாக என்னைப் போட்டிருந்தார்கள். பரவாயில்லை, பட்டியலில் என்னைப் போட்டதே முதல் தடவை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஓட்டினேன். கிழித்த காலண்டர் தாளின் பின்னால் வழியை எழுதி வைத்துக்கொண்டேன். ‘வைக்கோல் கட்டு, வலது. மேடு, மெதுவா. பாலம் தாண்டி இடது பக்கம் மரம்.’

ஓட்டிப் பார்த்ததனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த மரம் ஒளிந்துகொண்டு நிற்கிற மரம் இல்லை. அடுப்புப் பக்கத்தில் நின்று ரசம் தாளிக்கிற எனக்கே தெரிகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஏன் தெரியவில்லை? விளையாட்டு முடிந்து காட்டுகிற படத்தைக் கவனித்தேன். தினமும் சிவப்பாக இருந்தது இடது பக்கம்தான், உடைந்தது இடது விளக்குதான். காய்கறி வண்டி, தூண், சைக்கிள் எல்லாம் எந்தப் பக்கம் என்று நினைத்துப் பார்த்தேன்.

டீ கிளாஸை அவருக்கு இடது பக்கம் வைத்தேன். கை பட்டுக் கவிழ்ந்தது. “எவ இங்க வச்சது?” மறுநாள் வலது பக்கம் வைத்தேன், பேசாமல் எடுத்துக் குடித்தார். மூன்றாம் நாள் மறுபடி இடது. மறுபடி கவிழ்ந்தது. விடிந்தால் நாலு பிள்ளைகள் அந்தக் காரில் ஏறும்.

அன்று சாயங்காலம் முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். காலண்டர் தாளை எடுத்துக்கொண்டேன்.

“பாலம் வருது. தாண்டுனதும் இடது பக்கம் மரம்” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். ஆச்சரியத்திலோ என்னவோ ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துவிட்டார். மரம் தப்பியது. கடைசி வரை சொன்னேன், கடைசி வரை போனார். “பாத்தியாளா! வண்டி பழகிருச்சி எனக்கு!” என்று தொடையில் தட்டிக்கொண்டார். எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இரண்டாம் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. மரம். மூன்றாம் தடவை சொன்னேன், தப்பித்தார். நாலாம் தடவை சொல்லவில்லை. மரம். அவர் கையை எடுத்துவிட்டார், ஸ்டியரிங் தானாக உதறிக்கொண்டு கிடந்தது.

“எங்க இருக்கு அந்த மரம்?”

நான் எழுந்து போய் டி.வி.யில் விரலை வைத்தேன். கண்ணை மட்டும் திருப்பினார். பிறகு தலையையே இடது பக்கம் திருப்பினார்.

“இத எப்ப வச்சான்?” என்றார்.

நான் முக்காலியில் வந்து உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். அப்புறம் மெதுவாக, “நாளைலருந்து நீ முன்னாடி சீட்டுல உக்காருளா. பிள்ளைங்க பைய பின்னால போட்டுக்கிடலாம். இங்க சொல்லுத மாதிரி அங்கயும் சொல்லு, போதும்” என்றார்.

அரிசியும் சிலிண்டரும் உட்கார்ந்த சீட் எனக்குக் கிடைத்துவிட்டது! வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே பதவி. உள்ளே குளிர்ந்ததை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் காட்டில் வழி எனக்கு மனப்பாடம், மரம் நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். சயான் ரோட்டில் யார் எப்போது இடது பக்கம் வருவார்கள் என்று எந்தக் காலண்டரில் எழுதி வைக்க?

அவர் கீழே மாலைப் பேப்பர் வாங்கப் போனதும் நாலு வீட்டுக்கும் போய் பெல் அடித்தேன். இந்தக் கட்டிடத்துக்கு வந்து ஒன்பது வருஷத்தில் நானாகப் போய் அடித்த முதல் பெல் அது. கார் நாளைக்கு வராது, இடது பக்க விளக்கு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். மூன்று வீட்டில் தலையாட்டினார்கள். நாலாவது வீட்டுக்காரி, “ஆன்ட்டி, சுபஹ் மே லைட் கிஸ்கோ சாஹியே?” என்று சிரித்தாள். காலையில் யாருக்கு விளக்கு வேண்டும், நியாயமான கேள்வி. “லெஃப்ட், லெஃப்ட்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடி வந்துவிட்டேன்.

காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். முன் கதவை நானே திறந்து உட்கார்ந்தேன். அவர் சாவியைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்.

“பிள்ளைங்க எங்க?”

“வராது.”

“ஏன்?”

“நான் சொல்லிட்டேன். இடது பக்க லைட்டு போயிருச்சுன்னு.”

“லைட்டு நல்லாத்தான இருக்கு.”

“வண்டி லைட்டு நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து பார்த்தால் கேட், தூண், தூணில் அவர் இடித்த வெள்ளைத் தடம், ரோட்டில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் மறைப்பில்லாமல் தெரிந்தது. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு சாவியை உருவி எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். கொடுக்கவில்லை, வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் செம்பூருக்குக் கண் டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் பஸ் டிரைவரின் கியரைக் குறை சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அமுக்க வேண்டும். “இதும் கேம்தான்” என்று என்னிடம் கண்ணடித்துவிட்டுப் போனார், ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மெஷின் கொடுத்த தாளில் இடது பக்கம் பெரிய கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம், இடது கண் ஏறக்குறைய போய்விட்டது, வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் பார்வை குறைந்திருக்கிறது, வலிக்காது, அதனால் தெரியாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் கூடாது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். நான் என்ன, ஐந்தாம் வகுப்பு.

காரை மகன் சான்பாடாவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேம் வாங்கிக் கொடுத்த தன் திட்டம் பலித்ததாக ஆபீஸில் சொல்லிக்கொள்கிறானாம். சொல்லட்டும்.

இப்போது சாயங்காலம் சொட்டு மருந்து போட்டபின் காட்டுக்குள் போகிறோம். நான் இடது பக்கம் முக்காலியில் உட்கார்ந்து தாளைப் படிக்கிறேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னால், “சத்தமாச் சொல்லுளா, வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்று எனக்குத்தான் திட்டு. போன வாரம் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம் பிடித்துவிட்டார். கடைசி இடம் மத்தியான வண்டி ஓட்டுகிற ஆளுடையது. அது யார் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கீறல் இல்லாத கார் எனக்குப் பழகிவிட்டது, அதனால் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.