நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் கொண்டு போனோம்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவர் நஸீர், சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு, முதல் வேலையாக வான் வண்டியில் ஏற்றியது நான்கு தண்ணீர்க் கான்களை. ஒவ்வொன்றும் இருபது லீற்றர். எங்கள் ஊரான பாலாவியில் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீரைக் கான் கானாக வாங்கித்தான் பழக்கம். கலியாண வீட்டுக்குப் போனாலும் எங்கள் கையில் ஒரு போத்தல் இருக்கும்.

"நீர்வீழ்ச்சி பார்க்கப் போறவங்க தண்ணி கொண்டு போவாங்களா?" என்று கேட்டேன்.

"மலைத் தண்ணில என்னென்ன கிடக்குமோ. புள்ளையளுக்கு வயித்தால போனா ஆரு பார்க்கிற?"

நான்தான் பார்ப்பேன், இத்தனை வருடமும் நான்தான் பார்த்திருக்கிறேன் என்று நினைவுபடுத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பின் இருக்கையில் ஏழு வயது ஹனாவும் நான்கு வயது ஸைத்தும். ஹனா காலையிலிருந்தே சப்பாத்தைக் கழற்றவில்லை. இந்தப் பயணம் போவதாக அவளுக்கு இரண்டு முறை வாக்குக் கொடுத்து இரண்டு முறையும் ஏமாற்றியிருக்கிறோம். இரண்டு தடவையும் காரணம் உப்பு. நஸீருக்கும் அவருடைய தம்பி இர்ஷாத்துக்கும் சேர்த்து ஆறு உப்புப் பாத்திகள் இருக்கின்றன. வெயில் காய்ந்தால் உப்பு விளையும், அப்போது வீட்டை விட்டு அசைய முடியாது. மழை பெய்தால் விளைந்தது கரையும், அப்போதும் அசைய முடியாது. இந்த முறை பருவத்தின் கடைசி உப்பையும் வாரி வரப்பில் குவித்தாயிற்று. திங்கட்கிழமை லொறி வரும். அதுவரை குவியல்களைத் தென்னோலைக் கிடுகு போட்டு மூடிப் பார்த்துக்கொள்வது இர்ஷாத்தின் பொறுப்பு.

புத்தளம் சந்தியில், வழியில் சாப்பிடப் பாண் வாங்கினோம். நிக்கவெரட்டிய, வாரியப்பொல தாண்டிக் குருநாகல் போய்ச் சேர நாலரை மணி. ஸைத் அதற்குள் இரண்டு முறை வாந்தியெடுத்து, மூன்றாவது முறைக்கும் தயார் என்று அறிவித்தான். கலகெதரைக்குப் பிறகு பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியது. எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் பள்ளிவாசல் மினாராதான். ஹனா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "உம்மா, நிலம் எழும்பி நிக்குது" என்றாள்.

மாத்தளையில் தேநீர். ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பாதையில் ஆறு கிலோமீற்றர் ஏறியபோது இருட்டிவிட்டது. நாங்கள் தங்கப் பேசியிருந்த வீட்டு வாசலில் டோர்ச் லைட்டோடு செல்வராஜ் நின்றார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் சமதரையாக வெட்டி மூன்று கூடாரங்கள் போட்டு வாடகைக்கு விடுகிறார். எங்கள் கூடாரம் ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபாய், சாப்பாடு தனி.

கான்கள் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க சார், டீசலா?" என்று கேட்டார்.

"குடிக்கிற தண்ணி" என்றார் என் கணவர்.

செல்வராஜ் தன் முற்றத்து மூலையைப் பார்த்தார். அங்கே மலையிலிருந்து குழாயில் வந்த தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து, யாருக்கும் தேவைப்படாமல் வடிகாலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் மரியாதைக்காரர், கான்களைத் தூக்கி உள்ளே வைத்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் வைத்திருந்தார் செல்வராஜின் மனைவி. முதல் வாயை வைக்கும்போது மழை விழுந்தது. மெல்லத் தூறி வளர்கிற மழை அல்ல, ஒரேயடியாகக் கொட்டுகிற மழை. என் கணவர் தட்டைக் கீழே வைத்தார். "கிடுகு!" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஆளைக் காணவில்லை.

எட்டிப் பார்த்தால், சமையலடிக்கு மேலே கூரையாகக் கட்டியிருந்த தறப்பாளை அவிழ்த்து இழுத்துக்கொண்டு முற்றத்தில் ஓடுகிறார். கழிப்பறை கட்டுவதற்காகச் செல்வராஜ் ஒரு லோட் மணல் கொட்டி வைத்திருந்தார். அந்த மணல் குவியலை மூடி, நான்கு மூலைக்கும் கல் வைத்து, தலை முதல் கால் வரை நனைந்து நின்றபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு விளங்கியது. அடுப்பு நனைந்து அணைந்துவிட்டது.

"சார், மணல் நனைஞ்சா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் செல்வராஜ், மிகவும் பக்குவமாக.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஸைத்தும் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே வான் வண்டியின் திறப்புச் சாவியைத் தேடினார்.

"இஞ்ச இப்பிடிப் பெய்தா அங்கயும் பெய்யும். தம்பி தனிய நிக்கிறான். வெளிக்கிடுவோம்."

"கோல் எடுத்துக் கேளுங்களேன்."

"சிக்னல் இல்ல. ரத்தோட்டைக்கு இறங்கோணும்."

செல்வராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். மழை விட்டதும் பத்து மணிக்குள் நடக்கத் தொடங்க வேண்டும். பின்னேரம் திரும்பவும் மழை வந்தால் ஓடை பெருகிவிடும், பிள்ளைகளோடு கடக்க முடியாது. இந்த மழையில் ரத்தோட்டைக்கு இறங்கி ஏறி வர மதியமாகிவிடும், பிறகு நீர்வீழ்ச்சி இல்லை.

ஹனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கூடாரத்துக்குள் போய்ப் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தாள். தம்பியின் உடுப்பையும் மடித்து வைத்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. "பரவாயில்ல வாப்பா. உப்புக் கரைஞ்சா எங்களுக்குத்தானே நட்டம்" என்றாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். ஏழு வயதுப் பிள்ளை இப்படிப் பெரிய மனுசி போலக் கதைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓங்கட தம்பி சின்னப் புள்ளையா? அவருக்குக் கிடுகு போடத் தெரியாதா?" என்று வெடித்தேன். "நீங்க நிண்டாத்தான் மழை பயப்படுமா?"

அவர் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மகள் மடித்து வைத்த போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதரை மணிக்கு மழை விட்டது. வான் திறப்பை என் கையில் வைத்து, "இத நீ வெச்சிக்கொள்" என்றார்.

போக இரண்டரை கிலோமீற்றர். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பிறகு காடு. செல்வராஜ் முன்னால் போனார். அட்டைக்கு எதிராக எங்கள் கால்களில் சவர்க்காரமும் உப்பும் பூசியிருந்தார். பூசுவதற்கு முன் என் கணவர் ஒரு கல்லு உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, "எங்கட பக்கத்து உப்பு" என்றார். அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, சந்தோசமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படியும் அட்டைகள் எங்களைக் கண்டுபிடித்தன. ஸைத்தை முக்கால்வாசித் தூரமும் வாப்பாதான் தோளில் சுமந்தார். வேர்களைப் படியாக வைத்து ஏறும் இடத்தில் நான் ஒரு முறை உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் விழுந்தேன் என்று சொல்வார்கள்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு முகத்தில் ஈரக் காற்று. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால், தென்னை மர உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. காலை மழையில் அது நன்றாகப் பெருத்திருந்தது. ஹனா அசையாமல் நின்றாள். வெகுநேரம் கழித்து, "இத எத்தின மணிக்கு நிப்பாட்டுவாங்க?" என்று கேட்டாள்.

எங்கள் வீதிக்குக் குழாய்த் தண்ணீர் வருவதும் நேரத்துக்குத்தான், பாத்திக்குக் கடலோரக் களப்புத் தண்ணீர் விடுவதும் நேரத்துக்குத்தான். பிள்ளை வேறு எப்படிக் கேட்பாள்?

"இதுக்குத் திறப்பு யாருகிட்டயும் இல்ல பாப்பா" என்றார் செல்வராஜ்.

தடாகத்தின் ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளைகள் இறங்கினார்கள். குளிர் தாங்காமல் கத்தினார்கள், ஏறினார்கள், மறுபடியும் இறங்கினார்கள். என் கணவர் போட்டிருந்த சேட்டோடு போய் ஓரத்துத் தாரையின் கீழ் நின்றார். தலையில் தண்ணீர் விழுந்தால் ஓடிப் போய் எதையாவது மூடுகிற மனுசன், கண்ணை மூடிக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றார். கடைசியில் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். நானும் குடித்தேன். எங்கள் நாவுக்கு அது இனிப்பாகவே இருந்தது. அன்று நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன், அதை எழுதிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். மூன்று கான்களைத் திறக்காமலே திருப்பி ஏற்றினோம். ரத்தோட்டையில் தொலைபேசி உயிர் பெற்றது. வானை ஓரமாக நிறுத்தி அவர் தம்பியை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"மழை பெய்ததா?"

"ஓம் நானா" என்று அண்ணனுக்குச் சொன்னார் இர்ஷாத். "நேத்து நல்லாப் பெய்தது. ரெண்டு குவியல் போச்சு. மத்ததெல்லாம் தூக்கிக் காவி, கொட்டிலுக்குள்ள போட்டாச்சு."

"தனியவா காவினாய்?"

"வேற ஆரு?" இர்ஷாத் தொடர்ந்து சொன்னார்: "வெள்ளி மூணு மணிக்கே இஞ்ச வானம் கருத்துத்தான் கிடந்தது. கோல் எடுக்கப் போனன். எடுத்தா நீங்க பாதி வழியில திரும்பிடுவீங்க. புள்ள எவ்வளவு நாளாக் கேட்டவ. அதுதான் எடுக்கல்ல."

குருநாகல் வரைக்கும் அவர் வானை எங்கும் நிறுத்தவில்லை.

பாலாவிக்கு வந்தபோது பின்னேரம் மூன்றரை. வெயில் பழையபடி எரித்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே பாத்திக்குப் போனோம். வரப்பில் இரண்டு இடங்களில் வட்டமாக வெள்ளைக் கறை மட்டும் மிச்சம் இருந்தது. இர்ஷாத் கொட்டில் வாசலில் இருந்தார். இரண்டு உள்ளங்கையும் உப்பு அரித்துப் பிளந்து, துணி சுற்றியிருந்தார். நஸீர் அந்தக் கைகளைப் பார்த்தார், கறையைப் பார்த்தார்.

ஹனா ஓடிப் போய், "சாச்சா, அத நிப்பாட்டவே மாட்டாங்களாம்!" என்றாள்.

"ராவைக்குமா?"

"ராவைக்கும்தான்! குடிக்கவும் ஏலும்!"

முப்பத்தெட்டு வயதில் ஒரு நீர்வீழ்ச்சியையும் பார்த்திராத இர்ஷாத், அவளைப் பக்கத்தில் இருத்தி, எவ்வளவு உயரம், என்ன சத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எழும்பி நின்று கையை உயர்த்திக் காட்டினாள். என் கணவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அடுத்த முறை உப்ப நான் பார்த்துக்கொள்றன்" என்றார். "நீ இவளோட போய்ட்டு வா."